வெடி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைக்கு மாயாவி எதற்கு என்கிறவர்களுக்கு

விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனாலும், எந்தப் புத்தகத் திருவிழா உரையைக் கேட்டாலும் ஒரு அறிவுரை தவறாமல் வந்துவிடும். "பிள்ளைகளே, நல்ல புத்தகங்களைப் படியுங்கள்." எது நல்ல புத்தகம் என்பதற்குப் பேச்சாளர் கையில் பட்டியலும் இருக்கும்: காமராசர் வாழ்க்கை வரலாறு, 'அக்னிச் சிறகுகள்', திருக்குறளுக்கு ஓர் எளிய உரை, ஒரு சுயமுன்னேற்ற நூல், போட்டித் தேர்வுக்கான பொது அறிவு. கொஞ்சம் இலக்கியம் தெரிந்த பேச்சாளராக இருந்தால் கரிசல் எழுத்தாளர்கள் இரண்டு மூன்று பேர் சேர்வார்கள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இந்த மாயாஜாலக் கதை, காதல் கதை எல்லாம் வேண்டாம். நமக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்பார். கைதட்டல் எழும். முன்வரிசையில் இருக்கும் பெற்றோர் கொஞ்சம் பலமாகவே தட்டுவார்கள்.

இதற்கு மறுப்புச் சொல்ல எழுந்திருப்பவர்களும் பாதி வழியில் சமாதானமாகிவிடுவது வழக்கம். "எதையாவது படிக்கட்டும் சார், பழக்கம் வந்தால் போதும். இன்றைக்கு ரமணிசந்திரன் படிக்கிற பெண் நாளைக்கு அசோகமித்திரனுக்கு வந்துவிடுவாள்." தடை போடுகிறவரைவிட இந்த ஆதரவாளர்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். முன்னவர் காதல் கதையை விஷம் என்கிறார். பின்னவர் அதைப் பால்புட்டி என்கிறார். இரண்டு பேருக்கும் அதைத் திறந்து படித்துப் பார்க்கிற உத்தேசம் கிடையாது.

என் வழக்கு இரண்டு பேரோடும்தான். மாயக் கதை, காதல் கதை, பதின்வயதினருக்கான கதை ஆகிய மூன்றையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகப் பரிந்துரைக்க வேண்டும்; அதிலும் நல்லது கெட்டது பிரித்துப் பரிந்துரைக்க வேண்டும் என்கிறேன். நாம் இகழ்ந்து ஒதுக்கியதால் இந்தக் கதைகளை யாரும் படிக்காமல் விட்டுவிடவில்லை. எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று அந்த வாசகரிடம் சொல்ல ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான்.

தடைக்காரர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தின் முதல் மாவட்டமாக இருந்தது விருதுநகர். நடுவில் இடம் கைமாறினாலும் 2023இல் 97.85 விழுக்காட்டோடு மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. மழையை நம்ப முடியாத மண்ணில், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி வளர்ந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்காரவைத்துக் கண்ட பலன் அது. "படிக்கிற பிள்ளைக்குக் கதப்புத்தகம் எதுக்கு?" என்று ஒரு தாய் கேட்டால் அதில் அறியாமை எதுவும் இல்லை, தான் பட்டது தன் பிள்ளைக்கு வேண்டாம் என்கிற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் கதைப் புத்தகத்தைப் பிடுங்கிய வீட்டில் அந்த ஒரு மணி நேரம் வேதியியலுக்குப் போய்ச் சேர்கிறதா? செல்பேசிக்குத்தான் போகிறது. இது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி என்பதால் மேலே போகிறேன்.

தடைக்காரர்களில் இரண்டாவது தரப்பு கனமானது. முற்போக்கு மேடைகளில் வளர்ந்த என் நண்பர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது இது: சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையைப் புரிந்துகொள்கிற எழுத்துதான் தேவை. கூலி, சாதி, விபத்து, கடன் இவற்றைப் பேசுகிற எழுத்து. ராஜகுமாரனும் பறக்கும் கம்பளமும் அவனைத் தன் நிலைமையிலிருந்து திசைதிருப்பிவிடும். மில்ஸ் அண்ட் பூன் பாணிக் காதல் அவளைப் பணக்கார மாப்பிள்ளைக்காகக் காத்திருக்க வைத்துவிடும். கேட்கிறபோது சரியாகத்தான் இருக்கிறது.

கொஞ்சம் வரலாற்றைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியைப் பற்றி உலகம் பேசிக்கொண்டே இருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில் வளர்ந்ததும் 'குட்டி ஜப்பான்' என்று பட்டம் கிடைத்தது. பிறகு அந்த ஜப்பானை எழுப்பியதில் சின்னக் கைகளும் உண்டு என்று தெரியவந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம். 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றது. எல்லாமே தேவையானவை, நான் மதிக்கிறவை. ஆனால் இந்த அறிக்கை, படம், தீர்ப்பு, கவிதை, கதை அத்தனையிலும் சிவகாசிப் பிள்ளை பாடுபொருளாக மட்டுமே வருகிறது. அந்தப் பிள்ளைக்கு எதைப் படிக்கப் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பரிதாபத்துக்குரிய ஒருவனுக்கு ரசனை என்று ஒன்று இருக்கும் என்பதே தோன்றவில்லை போலும்.

கேட்ட ஆள் ஒருவர் அதே ஊரில் இருந்தார். 1972இல் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் ஆசிரியர். முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962இல் வேலியண்ட் வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேல்தான் தமிழுக்கு வந்து மாயாவி ஆனான். 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், கல்லூரிப் பையன் வயதில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடர், மாடஸ்தி, டெக்ஸ் வில்லர், லக்கி லூக், கேப்டன் டைகர் என்று ஐரோப்பாவின் படக்கதைகள் எங்கள் அச்சாபீஸ் மை வாசனையோடு தமிழ்நாடு முழுக்கப் போயின. இன்றைக்கும் போகின்றன. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சிறு நகரத்திலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாகசக் கதை அச்சடித்து அனுப்புகிற வேலை இது. மாவட்டத்தின் இலக்கியப் பெருமையை அடுக்குகிற எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன். ஒன்றிலும் இந்தப் பெயர்கள் வந்ததில்லை. அச்சுத் தொழிலின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம் போலிருக்கிறது.

மாயாவி யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன், அங்கே நடந்த விபத்தில் வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தொடக்கத்தில் கெட்ட வழிக்குப் போகிறவன், பிறகு திருந்தி உளவாளியாகிறான். வெடிமருந்து உராய்ந்து விரலும் கையும் போனவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிற ஊரில், வேலையிடத்து விபத்தில் கையிழந்த ஒருவன் நாயகனாக நடமாடுகிறான். இதைப் படித்த பையன் திசை தவறிப் போனான் என்கிறீர்களா? என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கையிழந்தவன்மீது பரிதாபப்படச் சொல்லிக்கொடுக்க எத்தனையோ கதைகள் இருந்தன. அவனாக ஆசைப்படச் சொன்னது இந்த ஒரு கதைதான்.

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கும் என்கிற பயம் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் 1954இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். செனட் விசாரித்தது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். வெர்தாமின் ஆவணங்கள் ஆய்வுக்குத் திறக்கப்பட்ட பிறகு, காரல் டில்லி என்ற நூலகவியல் ஆய்வாளர் அவற்றைப் படித்து, மருத்துவர் தன் சான்றுகளைத் திரித்திருந்தார் என்று 2012இல் காட்டினார். அதற்குள் ஒரு தலைமுறையின் படக்கதைகள் வெட்டுப்பட்டு முடிந்திருந்தன.

யதார்த்தத்துக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் வெடித்தது. இவை பெரிய செய்தியானவை, ஆகாதவை எத்தனையோ. அம்மா சரம் பின்னப் போய்விட்டு, திரும்புகிற வேன் சத்தம் கேட்கும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு யதார்த்தத்தை யார் அறிமுகப்படுத்த வேண்டும்? பூமணியும் மேலாண்மை பொன்னுச்சாமியும் அந்த வாழ்க்கைக்கு மொழி கொடுத்தார்கள். அதன் அருமை எனக்குத் தெரியும். 'அது மட்டும் போதும்' என்கிற இடத்தில்தான் மாறுபடுகிறேன். சென்னையில் விலையுயர்ந்த பள்ளியின் நூலகத்தில் நார்னியாவும் ஹாரி பாட்டரும் பெர்சி ஜாக்சனும் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து யாரும் திசைதிரும்பிவிடுவீர்கள் என்று எச்சரிப்பதில்லை. கற்பனை வளர்கிறது என்று பெற்றோரிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே வகைப் புத்தகம் திருத்தங்கல் பையன் கைக்கு வந்தால் பொறுப்பில்லாத பொழுதுபோக்கு. அவர்களுக்குக் கற்பனை, நமக்கு விழிப்புணர்வு என்று யார் பாகம் பிரித்தது? ஏழைப் பிள்ளையின் மனம் அவன் தெருவைத் தாண்டக் கூடாது என்று முற்போக்குக் குரலில் சொன்னாலும் பிற்போக்குக் குரலில் சொன்னாலும் தெரு ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. கரிசல் என்றாலே கறாரான யதார்த்தம் என்பது பாதி உண்மை. எங்கள் பாட்டிமார் சொன்ன கதைகளில் ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த அரக்கன் இருந்தான். பேய் இருந்தது, பேசுகிற மாடு இருந்தது. கி. ராஜநாராயணன் விவசாயியின் வாழ்க்கையை எழுதியதோடு நிற்கவில்லை. நாட்டுப்புறக் கதைகளை ஊர் ஊராகச் சேகரித்துத் தொகுத்தார், பெரியவர்கள் முகம் சுளிக்கிற பாலியல் கதைகளையும் விடாமல். மல்லாங்கிணறு எஸ். ராமகிருஷ்ணன் 'உப பாண்டவம்' எழுதினார். நென்மேனி மேட்டுப்பட்டியிலிருந்து வந்த கோணங்கியின் உரைநடையில் எந்தப் பறக்கும் கம்பளமும் தோற்றுப்போகும். அதற்கும் முன்னால் திருவிழாக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்கள்: விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் ராகம் போட்டுப் படிக்க, தெருவே உட்கார்ந்து கேட்டது. மாயமும் காதலும்தான் உழைக்கிற சனங்கள் காசு கொடுத்து வாங்கிய முதல் புத்தகங்கள். நாம் இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் போய் அது உங்களுக்கு ஆகாது என்கிறோம்.

காதல் கதைக்கு வரும்போது தடைக்காரர் குரல் இன்னும் உயர்கிறது. சிவகாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த மாவட்டம் உலகத்துக்குத் தந்த மிகப்பெரிய எழுத்தாளர் யார் என்று கேட்டால் நான் தயங்காமல் ஆண்டாள் என்பேன். பதின்வயதைத் தாண்டாத ஒரு பெண்ணின் குரல் அது. 'நாச்சியார் திருமொழி'யின் 143 பாசுரங்களில் காமனுக்கு நோன்பு, குயிலிடம் முறையீடு, மேகத்திடம் தூது, கனவில் கல்யாணம், பிறகு ஊடலும் ஆற்றாமையும். காதலும் மாயமும் இளமையும் ஒரே நூலில். மார்கழியில் ஊரே திருப்பாவை முப்பதையும் சொல்கிறது. திருமொழியிலிருந்து கனவுக் கல்யாணப் பத்தை மட்டும் எடுத்து மணமேடையில் சொல்கிறோம், மீதியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. அது பக்தி, இது வேறு என்று யாராவது சொல்வார்கள். பக்தியேதான். அந்தப் பக்தி தன் மொழிக்குக் காதலிக்கிற பெண்ணின் மனசைத்தானே தேடிப் போனது?

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. அதன் நாயகன் சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். தமிழில் பதின்வயதினருக்கு நான் தருகிற முதல் நாவல் அதுதான். 2019இல் 'அசுரன்' படம் வந்த பிறகு பள்ளி ஆசிரியர்களும் தயங்காமல் அதைச் சொல்கிறார்கள். பதினைந்து வயதுப் பையன் அரிவாள் எடுக்கிற கதையைப் பரிந்துரைக்கலாம். பதினேழு வயதுப் பெண் ஒருவனை விரும்புகிற கதையைப் பரிந்துரைக்கக் கூடாது. நம் பட்டியலின் ஒழுக்கம் இந்த லட்சணத்தில் இருக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த சங்கரை நடுத்தெருவில் வெட்டியதை நாடே திரையில் பார்த்தது. விரும்பியதற்காக உயிர் போகிற ஒரு நாட்டில் காதலை அற்ப விஷயம் என்று ஒதுக்குவதற்கு அசாத்தியமான துணிச்சல் வேண்டும்.

இனி, எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். தமிழில் இன்று இணையத்திலும் மாத நாவலிலும் ஓடுகிற காதல் கதைகளில் ஒரு பெரும்பகுதி பெண்ணுக்கு நல்லதைச் சொல்லவில்லை. கட்டாயத் தாலி, அறைந்துவிட்டு அணைக்கிற நாயகன், 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் வன்முறைக்குப் பூமாலை. பதினாறு வயதுப் பெண் இதைப் படித்து இதுதான் காதல் என்று எண்ணிவிடமாட்டாளா? இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு இகழ்ச்சி மருந்தாகாது என்பது மட்டுமில்லை. நோய்க்கே இகழ்ச்சிதான் காரணம்.

எப்படி என்று சொல்கிறேன். புதுக்கவிதை வந்தால் நாற்பது பேர் விமர்சிக்கிறோம். யதார்த்த நாவலில் ஒரு பாத்திரம் பிசகினால் சிற்றிதழில் மூன்று மாதம் சண்டை நடக்கிறது. காதல் நாவலுக்கு விமர்சகர் கிடையாது. நூறு நாவலுக்கு மேல் எழுதி, தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் படித்துக்கொண்டிருக்கிற ரமணிசந்திரனைப் பற்றி நம் இலக்கியவாதிகள் எழுதியதையெல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் ஏளனம்தான் மிஞ்சும். அவருடைய எந்த நாவல் தேறும், எது தேறாது, அவர் நாயகியின் தன்மானம் எந்த இடத்தில் நிஜம், எந்த இடத்தில் அலங்காரம் என்று பிரித்துக் காட்டியவர் யார்? ஒரு வகையை மொத்தமாகக் குப்பை என்று சொல்லிவிட்டால் அதற்குள் தரம் பார்க்கும் கடமையிலிருந்து தப்பிவிடலாம். விமர்சகர் தப்பிவிட்டார். வாசகி மாட்டிக்கொண்டாள்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே போய்ப் பேசி 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். நடுமேற்கு அமெரிக்காவில் ஒரு சிறு நகரம். அங்கே புத்தகக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். நூலில் அவர் பெயர் டாட். மாதாமாதம் வருகிற காதல் நாவல்களைப் படித்து, எது நன்று எது மோசம் என்று தரம் போட்டு, தன் வாடிக்கையாளர்களுக்குச் செய்திமடல் அனுப்புவார். பதிப்பகத்தாரே அவர் சொல்லுக்குக் காது கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் ராட்வேயிடம் சொன்னதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியம். வன்புணர்வும் சித்திரவதையும் வரும் கதைகளை அவர்கள் வெறுத்தார்கள். டாட் இருந்ததால் அவற்றைத் தவிர்க்க முடிந்தது. படிக்கிற அந்த நேரம் கணவனும் பிள்ளைகளும் பங்கு கேட்க முடியாத, தங்களுக்கே உரிய நேரம் என்றார்கள். ராட்வே அந்த நாவல்களைக் கண்மூடிப் புகழவில்லை, அவற்றின் எல்லைகளையும் எழுதினார். மரியாதை இருந்தது, அதனால் விமர்சனமும் இருந்தது.

எங்கள் பக்கம் ஒரு டாட் உண்டா? பீஸ் ரேட்டுக்குக் குழாய் சுற்றி, லேபிள் ஒட்டி, வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு, செல்பேசியில் ஒரு அத்தியாயம் கதை படிக்கிற பெண்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் "இதைப் படிக்காதீங்க" என்று சொல்ல ஊரே இருக்கிறது. "அந்தக் கதை உங்களுக்குப் பிடிச்சிருந்தா இதையும் பாருங்க, இதுல அவன் அடிக்கமாட்டான்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தப் பெண்களே கதைக்குக் கீழே எழுதுகிற கருத்துகளில் சண்டை போடுகிறார்கள், அடிக்கிற நாயகனைக் காறித் துப்புகிறார்கள். தமிழில் காதல் கதைக்கு இன்று இருக்கிற ஒரே விமர்சன மரபு அதுதான். எந்தக் கல்லூரித் தமிழ்த்துறைக்கும் அது கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது, 'பழக்கம் வந்தால் போதும்' என்கிற ஏணிக்காரர்களுக்கு. காதல் கதையும் மாயக் கதையும் கீழ்ப்படி, ஏறி மேலே வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அசோகமித்திரனைப் படிக்கிற பலர் இன்றும் டெக்ஸ் வில்லருக்குச் சந்தா கட்டுகிறார்கள். ஏறியவர்கள் ஏன் இறங்கி வருகிறார்கள்? 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. குதிரையேறி வருகிற இளைஞன், சுரங்க வழிகள், மர்மப் பெண், மாறுவேடம், கண்டதும் காதல். இலக்கணப்படி அது சாகசக் காதல் கதைதான். அதை எந்தத் தலைமையாசிரியரும் தடுப்பதில்லை, சோழர் வரலாறு என்று பெயர் சூட்டி உள்ளே விட்டுவிட்டோம். லக்ஷ்மியின் நாவல்களைக் குடும்பப் பெண்கள் படிக்கிற கதை என்று ஓரமாக வைத்தவர்கள், 1984இல் அவருக்கே சாகித்ய அகாதெமி விருது வந்தபோது என்ன சொல்வது என்று தெரியாமல் முகம் திருப்பினார்கள். ஏணியின் படிகளை யார் எண்ணினார்கள் என்பதே எனக்குச் சந்தேகம்.

ஏணிப் பேச்சில் இன்னொரு கேடும் உண்டு. அடுத்த படிக்குப் போகத்தான் இது என்று சொல்லிவிட்டால், இந்தப் படி எப்படி இருந்தால் என்ன என்றாகிவிடுகிறது. மட்டமான மாயக் கதைக்கும் நேர்த்தியான மாயக் கதைக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை. வித்தியாசம் இருக்கிறது. தன் உலகத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டு அதற்குக் கடைசிவரை கட்டுப்படுகிற மாயக் கதை உண்டு; எழுத்தாளர் மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் ஒரு மந்திரக்கோலை நீட்டுகிற கதையும் உண்டு. இரண்டு பேர் ஒருவரையொருவர் மெல்ல அறிந்துகொள்கிற காதல் கதை உண்டு. ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் பத்தாம் பக்கத்தில் தீர்ந்திருக்கும் சந்தேகத்தை இருநூறு பக்கம் இழுக்கிறதும் உண்டு. இந்த வித்தியாசத்தைப் பதினான்கு வயதில் ஒரு பிள்ளை உணர்ந்துவிட்டால், அதன் பிறகு அவள் எந்தப் படிக்குப் போனால் நமக்கென்ன?

பதினான்கு வயதைச் சும்மா சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அரசே 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வைத்து வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் தந்திருக்கிறது, அழகான வேலை. பதினெட்டைத் தாண்டியவருக்குப் போட்டித் தேர்வு அலமாரி நிரம்பி வழிகிறது. நடுவில் இருக்கிற ஐந்தாறு வருஷத்துக்கு, உடம்பும் மனசும் ஒரே சமயத்தில் மாறுகிற அந்த வயசுக்கு, கிளை நூலகத்தில் தனி அலமாரி எங்கே? எழுதுகிறவர்கள் இல்லாமலில்லை. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து உதயசங்கர் கீழடியைக் களமாக வைத்துக் காலம் தாண்டிப் போகிற 'ஆதனின் பொம்மை'யை எழுதி, 2023இல் சாகித்ய அகாதெமியின் பாலசாகித்ய விருது பெற்றார். விஷ்ணுபுரம் சரவணன் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு 2025இல் பெற்றார். ஜெயமோகனின் 'பனிமனிதன்' இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து க்ரியா 1981இலேயே கொண்டுவந்த 'குட்டி இளவரசன்' இருக்கிறது. காதல் கதை கேட்கிற பிள்ளைக்குக் கூச்சப்படாமல் பஷீரின் 'பால்யகால சகி'யைக் கொடுக்கலாம், குளச்சல் மு. யூசுஃப் தமிழில் தந்திருக்கிறார். வறுமை எப்படிக் காதலைத் தின்கிறது என்று அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' கொடுக்கலாம். விரும்பியவன் கிடைக்காத பிறகும் ஒரு பெண் தன்னைத் தானே மீட்டெடுக்கிற கதை அது. தாலிதான் முடிவு என்று நினைக்கிற இணைய நாவலுக்கு அருகில் வைத்துப் படித்தால் பிள்ளையே இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வாள். அந்த இணைய நாவலையும் பிடுங்க வேண்டாம் என்கிறேன்.

பரிந்துரைக்கிறவருக்கு ஒரு வேலைதான் பாக்கி. பட்டியலைப் பையில் வைத்துவிட்டு, கடைசியாக என்ன படித்தாய், அதில் எது பிடித்தது என்று கேட்பது. பேய் பிடித்ததா, சண்டை பிடித்ததா, இருவர் பேசிக்கொள்கிற இடம் பிடித்ததா என்று தெரிந்தால்தான் அடுத்த புத்தகத்தை எடுத்துத் தர முடியும். ஜவுளிக்கடைச் சிப்பந்தி இதைத் தினமும் செய்கிறார். நம் புத்தகத் திருவிழாப் பேச்சாளர்கள் செய்து நான் பார்த்ததில்லை.

1948இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு நாம் எல்லோரும் நூலக வரியும் கட்டுகிறோம், வெடி ஆபீசில் வேலை பார்த்து ஓட்டு வீடு கட்டியவரும் கட்டுகிறார். ஆகவே நூலகத்துக்குப் புத்தகம் தேர்வு செய்கிற அதிகாரிகளுக்கும், பள்ளி நூலகச் சாவியை வைத்திருக்கிற ஆசிரியர்களுக்கும், 2022 நவம்பரில் தொடங்கிய விருதுநகர் புத்தகத் திருவிழா மேடைகளில் பேசப் போகிறவர்களுக்கும் என் வேண்டுகோள்: அடுத்த பட்டியலில் ஒரு மாயக் கதை, ஒரு காதல் கதை, ஒரு இளையோர் நாவல் என்று மூன்று தலைப்புகளைச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன்னால் அந்த மூன்றையும் நீங்கள் முழுதாகப் படித்துவிடுங்கள். படித்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், எந்தப் பக்கத்தில் அப்படித் தோன்றியது என்று பிள்ளைகளிடமே சொல்லுங்கள். அவர்கள் பதில் வைத்திருப்பார்கள்.